சிங்கப்பூரில் தனியாக இருக்கிறேன், ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. பழகியவர்கள் வழி சொல்லுங்கள்

சிறுவாணி
புதன், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். வயது 46. புது டெஸ்டிங் மெஷின் பயிற்சிக்காக ஒன்பது நாள் சிங்கப்பூர் அனுப்பியிருக்கிறார்கள். கூட வரவேண்டிய பெண்ணின் மாமியார் ஆஸ்பத்திரியில் இருப்பதால் அவளால் கடைசி நேரத்தில் வர முடியவில்லை. அதனால் நான் மட்டும். வெளிநாடு இதுதான் முதல் தடவை.

வேலை நன்றாகவே போகிறது. சாப்பாடுதான் பிரச்சினை. கிடைக்காமல் இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் சாப்பாட்டுக் கடைதான். ஆனால் தனியாக உட்கார்ந்து சாப்பிட எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு, பயிற்சி நடக்கிற கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உணவங்காடிக்குப் (பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்கு அடியில் இருக்கிற இடம்) போனேன். அங்கே ஒரு சைவக் கடை இருந்தது. வறுத்த சேமியாவில் முட்டைக்கோஸ், டோஃபு போட்டு ஒரு தட்டு வாங்கினேன். திரும்பிப் பார்த்தால் உட்கார இடம் இல்லை. ஒரே ஒரு வட்ட மேசை மட்டும் காலி. அதன்மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தது. யாரோ மறந்து விட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்தேன். மேசையில் குழம்பு சிந்தியிருந்தது. அந்தப் பொட்டலத்திலிருந்தே ஒரு டிஷ்யூவை உருவித் துடைத்தேன். அதற்குள் மூன்று பேர் தட்டோடு வந்து என் முன்னால் நின்றார்கள். ஒரு பெண் அந்தப் பொட்டலத்தைக் காட்டி என்னவோ சொன்னார். "சோப்" என்று மட்டும் காதில் விழுந்தது. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரும் நின்றபடி என்னையே பார்க்க, நான் எழுந்துவிட்டேன். அப்புறம் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றினேன். இடம் கிடைக்கவில்லை. கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. தட்டை அப்படியே தட்டு வைக்கும் அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சாப்பாட்டை வீணாக்கியது இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து மூன்று நாளாக ரூமில் பிஸ்கட், வாழைப்பழம், கெட்டிலில் வெந்நீர் வைத்து கப் நூடுல்ஸ். இன்று மதியம் மெஷின் முன்னால் நிற்கும்போது தலை சுற்றியது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரிலும் நான் தனியாக ஓட்டலுக்குப் போனதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவோடு, அப்புறம் வீட்டுக்காரரோடு, பிள்ளைகளோடு. போனாலும் ஃபேமிலி ரூம்தான். ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணத்தோடே வளர்ந்திருக்கிறேன். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது, ஆனாலும் அந்த எண்ணம் கூடவே வந்திருக்கிறது. வெளியூரில் தனியாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள்? எங்கே உட்கார்வது, பையை என்ன செய்வது, சைவத்துக்கு என்ன கேட்பது, எல்லாம் சொல்லுங்கள்.


பூன்லே
புதன், இரவு 10.05

அக்கா, முதலில் இன்றைக்கு ராத்திரி ஏதாவது நல்லதாகச் சாப்பிட்டீர்களா? உங்கள் ஓட்டல் எந்தப் பக்கம் என்று சொன்னால் பக்கத்தில் எது திறந்திருக்கும் என்று சொல்கிறேன். நான் இங்கே பதினாலு வருடமாகக் கப்பல் பட்டறையில் இருக்கிறேன்.

அந்த டிஷ்யூ விஷயத்தில் உங்கள் மேல் தப்பே இல்லை. இங்கே அதற்கு "சோப்" என்று பேர். அதாவது இடம் பிடிப்பது. நம் ஊரில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போம் இல்லையா, அதேதான். துண்டுக்குப் பதில் டிஷ்யூ பொட்டலம். சிலர் குடை வைப்பார்கள், சிலர் ஆபீஸ் அடையாள அட்டையின் கயிற்றை வைப்பார்கள். இடத்தைப் பிடித்துவிட்டுத்தான் கடையில் போய் வரிசையில் நிற்பார்கள். யாரும் அந்தப் பொட்டலத்தை எடுக்க மாட்டார்கள். புதிதாக வருகிற யாருக்கும் இது தெரியாது. எனக்கும் முதல் வாரம் இதேதான் நடந்தது.

மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றே கால் வரை ஆபீஸ் பக்கம் உள்ள உணவங்காடிக்குப் போகாதீர்கள். பதினொன்றரைக்குப் போங்கள், இல்லையென்றால் ஒன்றே முக்காலுக்கு. பயிற்சியில் நேரம் மாற்ற முடியாது என்றால் வாங்கி வந்து சாப்பிடுங்கள். கடையில் "தாபாவ்" என்று சொன்னால் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள்.

பணம் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நிறையக் கடைகளில் வெளிநாட்டு கார்டு எடுக்க மாட்டார்கள். 2, 5, 10 வெள்ளித் தாள்கள் இருந்தால் போதும். (இங்கே டாலரைத் தமிழில் வெள்ளி என்றுதான் சொல்வோம்.) கடைப் பலகையில் போட்டிருக்கிற விலைதான் கொடுக்க வேண்டியது. பெரிய ரெஸ்டாரண்டில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் 9 சதவீதம் பொருள் சேவை வரியும் தனியாக வரும். உணவங்காடியில் அது கிடையாது.


ராத்திரிரயில்
புதன், இரவு 10.31

பூன்லே சொன்னதில் நேரம், பணம் எல்லாம் சரி. ஆனால் டிஷ்யூ வைத்து இடம் பிடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான்கு பேர் கடையில் வரிசையில் நிற்கிறார்கள், அவர்கள் மேசை பத்து நிமிஷம் காலியாகக் கிடக்கிறது. கையில் சூடான தட்டோடு ஒரு ஆள் நின்றுகொண்டிருக்கிறார். இதில் என்ன நியாயம்? கூட்டமாக வருகிறவர்களுக்கு வசதி, தனியாக வருகிறவருக்குக் கஷ்டம். சிறுவாணிக்கு நடந்ததே அதற்கு சாட்சி.

சிறுவாணி, நான் பதினெட்டு வருடமாக வேலைக்காக ஊர் ஊராகத் தனியாகப் போகிறவள். உங்களுக்கு என் யோசனை வேறு. நீங்கள் காலி மேசை தேடியதுதான் சிக்கல். தனி ஆளுக்கு மேசை வேண்டாம், ஒரு ஸ்டூல் போதும். எந்தக் கூட்டத்திலும் நான்கு பேர் மேசையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒன்று காலியாக இருக்கும். அங்கே போய் காலி இடத்தைக் கையால் காட்டி "கேன் ஐ சிட் ஹியர்?" என்று கேளுங்கள். தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அப்புறம் அவர்கள் உங்களோடு பேச மாட்டார்கள், நீங்களும் பேச வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் சாப்பிடுவது அங்கே தினசரி நடப்பது.

இன்னொன்று சொல்ல வேண்டும். தனியாகச் சாப்பிடப் போகும் பெண்ணுக்கு ரெஸ்டாரண்டைவிட ஃபுட் கோர்ட்தான் நல்ல இடம். ரெஸ்டாரண்டில் நுழைந்ததும் "எத்தனை பேர்?" என்று கேட்பார்கள். ஒருத்தி என்றால் வாசலோரமோ கழிப்பறையோரமோ ஒரு மூலை மேசை. இரண்டு பேர் பில் வரவேண்டிய இடத்தை ஒருத்தி அடைத்துக்கொள்கிறாள் என்ற கணக்கு அது. உணவங்காடியில் மேசை எந்தக் கடைக்கும் சொந்தமில்லை, எல்லாக் கடைக்கும் பொது. அதனால் நீங்கள் ஒருத்தியா ஒன்பது பேரா என்று கணக்குப் பார்க்க அங்கே யாருமே இல்லை. எனக்கு இது புரிந்த நாளிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேளை சாப்பாடு ஃபுட் கோர்ட்டில்தான்.


பூன்லே
புதன், இரவு 10.44

ராத்திரிரயில் அக்கா சொல்வது எனக்கும் புரிகிறது. ஆனால் கையில் சூப் கிண்ணத்தோடு நிற்கிற வயதானவர்களைப் பாருங்கள். அவர்களுக்கு முதலில் இடம் உறுதியானால்தான் பயமில்லாமல் வாங்கி வர முடியும். எங்கள் பட்டறையில் அரை மணி நேரம்தான் இடைவேளை. இடத்தைப் பிடிக்காமல் வரிசையில் நின்றால் நின்றபடிதான் சாப்பிட வேண்டும். தனியாக வருகிறவரும் ஒரே ஒரு ஸ்டூலுக்குப் பொட்டலம் வைக்கலாம். ஆறு பேர் மேசைக்கு ஒரு பொட்டலம் வைப்பதுதான் எனக்கும் பிடிக்காது.

அப்புறம், பாஸ்போர்ட், போன் இருக்கிற பையை மட்டும் இடம் பிடிக்க வைக்காதீர்கள் சிறுவாணி அக்கா. இங்கே திருட்டு குறைவு, அதற்காக பாஸ்போர்ட்டை மேசையில் விட்டுப் போகக்கூடாது.


ஜொகூர்க்காரன்
புதன், இரவு 11.20

நான் மலேசியா, ஜொகூர் பாரு. சிங்கப்பூரில் ஒரு ஃபுட் கோர்ட்டில் மூன்று வருடம் மேசை துடைத்திருக்கிறேன். காலையில் நாலரைக்கு எழுந்து பாலம் தாண்டிப் போவேன். இப்போது அந்த வேலையில் இல்லை. சகோதரி எழுதியதைப் படித்ததும், மேசை துடைத்தவன் கண்ணுக்கு என்ன தெரியும் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

தனியாகச் சாப்பிடுகிறவர்கள்தான் அங்கே அதிகம். காலை எட்டு மணிக்கு வந்தால் மேசைக்கு ஒருவர். செய்தித்தாளும் காப்பியுமாகக் கிழவர்கள், இரவு வேலை முடிந்து வரும் தாதியர், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வருகிற அம்மாக்கள், டாக்சி ஓட்டுநர்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன் என்றால் அது என் வேலை, எழுந்திருப்பார்களா, மேசையைத் துடைக்கலாமா என்று பார்ப்பேன். தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

தட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கொண்டுபோய் அலமாரியில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடிகளில் இதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்துகிறார்கள், அப்புறம் ஃபுட் கோர்ட், காப்பிக்கடைகளுக்கும் வந்தது. முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி அபராதம். அலமாரி இரண்டு இருக்கும், ஹலால் தட்டுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. மாற்றி வைத்துவிடாதீர்கள். தட்டின் நிறமும் வேறாக இருக்கும்.

தனியாக இருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்மையாகவே உண்டு, மைனா. சாப்பாட்டை வைத்துவிட்டு தண்ணீர் வாங்கத் திரும்பினால் போதும், கூரைக்கு அடியிலிருந்து ஒன்று இறங்கும், பின்னாலேயே நாலு வரும். கோழித் துண்டைத் தூக்கிக்கொண்டு போகும். கிண்ணத்துக்குள் காலை வைத்து நிற்கும். ஒருவர் கண் முன்னாலேயே நாசி லெமாக்கில் (தேங்காய்ப்பால் சோறு) இருந்த முட்டையைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். கூட ஆள் இருந்தால் விரட்டுவார். தனி ஆளாக இருந்தால் முதலில் பானம் வாங்கி இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் சாப்பாடு வாங்குங்கள். டீ கிளாஸை மைனா தொடாது. இடம் பிடித்த மாதிரியும் ஆகும்.

முடிந்தால் அழுக்கு டிஷ்யூவைக் கிண்ணத்துக்கு அடியில் வையுங்கள். மின்விசிறிக் காற்றில் பறந்தால் குனிந்து குனிந்து பொறுக்க வேண்டியிருக்கும். அங்கே அந்த வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தொட்டவர்கள்.


சிறுவாணி
வியாழன், காலை 6.15

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. பூன்லே தம்பி, நேற்று ராத்திரி உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி இட்லி, சாம்பார் பார்சல் வாங்கி வந்தேன். ஓட்டல் ஃபேரர் பார்க் பக்கம்தான். ரூமில் வைத்துத்தான் சாப்பிட்டேன், ஆனால் சாப்பிட்டேன்.

ஜொகூர் அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அன்றைக்குத் தட்டை எந்த அலமாரியில் வைத்தேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. தொடாத சாப்பாட்டை யாரோ ஒரு வயதானவர் எடுத்துக் கொட்டியிருப்பார் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

ராத்திரிரயில், மேசை யாருக்கும் சொந்தமில்லை என்று நீங்கள் எழுதியது மனதில் நின்றுவிட்டது. ஆனால் "இங்கே உட்காரலாமா" என்று கேட்கத்தான் தொண்டையில் அடைக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டால்?


ராத்திரிரயில்
வியாழன், காலை 6.50

சொல்வார்கள். பத்தில் இரண்டு தடவை சொல்வார்கள். "ஆள் வருகிறார்கள்" என்று கையைக் காட்டுவார்கள். அடுத்த மேசைக்குப் போக வேண்டியதுதான். உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஸ்டூலுக்கு ஆள் இருக்கிறது என்று சொல்கிறார்கள். பஸ்ஸில் கேட்பதில்லையா? அதே கேள்வி.

வயதானவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில் முதலில் கேளுங்கள். என் அனுபவத்தில் அவர்கள் மறுப்பதே இல்லை.


மீனாட்சிபுரம்
வியாழன், காலை 7.30

அம்மா சிறுவாணி, என் மகன் குடும்பம் அங்கே இருக்கிறது. வருடத்தில் இரண்டு மாதம் அங்கேதான் இருப்பேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு நான் தனியாகத்தான் போய்ச் சாப்பிடுவேன். எனக்கு 68 வயது, சுத்த சைவம். சைவக் கணக்கை நான் சொல்கிறேன்.

சீன சைவக் கடைகள் பெரும்பாலும் பௌத்த முறையில் சமைப்பவை. வெங்காயம், பூண்டுகூடப் போடாத கடைகள் உண்டு. முட்டை சில கடையில் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தட்டு இருக்கும். விரலால் காட்டினால் சோற்றின்மேலோ சேமியாவின்மேலோ வைத்துத் தருவார்கள். அந்தச் சேமியாவுக்கு பீ ஹூன் என்று பேர், அரிசியில் செய்தது. நாலைந்து வெள்ளிக்குள் வயிறு நிறையும். சில தட்டுகளில் கோழிக்கால் மாதிரியும் வாத்துத் தோல் மாதிரியும் இருப்பதைப் பார்த்து முதல் நாள் நான் பயந்துபோய் வெளியே வந்துவிட்டேன். அதெல்லாம் சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்தது. பழகிவிடும், வேண்டாம் என்றால் காய்கறியை மட்டும் காட்டுங்கள்.

சைவக் கடை அல்லாத இடத்தில் "காய்கறி நூடுல்ஸ்" என்று கேட்டு ஏமாறாதீர்கள். காய்கறி மட்டும்தான் போடுவார்கள், ஆனால் சூப்பைக் காய்ந்த நெத்திலியில் காய்ச்சியிருப்பார்கள். சம்பால் (மிளகாய் விழுது) என்றால் அனேகமாக இறால் விழுது இருக்கும்.

டீ கேட்பதற்குத் தனிப் பாஷை. வெறும் "தே" என்றால் கெட்டிப்பால் ஊற்றி நல்ல இனிப்பாக வரும். "தே சி" என்றால் இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும். "தே ஓ" பாலில்லாத டீ, சர்க்கரை உண்டு. சர்க்கரையே வேண்டாம் என்றால் கடைசியில் "கொசோங்" சேர்க்க வேண்டும். மலாயில் அதற்கு வெறுமை, பூஜ்யம் என்று அர்த்தம். பரோட்டாக் கடையில் "பிராட்டா கொசோங்" என்றால் உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் பரோட்டா. "பெங்" சேர்த்தால் ஐஸ் போட்டுத் தருவார்கள். எனக்கு சர்க்கரை வியாதி, அதனால் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை கொசோங்தான்.

ஃபேரர் பார்க் என்கிறாய். பொடிநடையாக நடந்தால் தேக்கா நிலையம் வந்துவிடும். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே. ஒரு பக்கம் ஈரச்சந்தை (காய்கறி, மீன், இறைச்சி விற்கிற இடம்), மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள், மாடியில் துணிக்கடை. முருங்கைக்காய், வாழைப்பூ எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். அங்கே தோசை ஊற்றுபவரிடம் தமிழிலேயே கேட்கலாம். அதுவும் தைரியம் வரவில்லை என்றால் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் இருக்கிறது, 1947-லிருந்து நடக்கிற சைவக் கடை. இலையில் சாப்பாடு போடுவார்கள். ஒரு வேளை அங்கே தனியாக உட்கார்ந்து பார். அடுத்த வேளை தேக்காவில் உட்காருவாய்.


வடமராட்சி
வியாழன், காலை 9.10

நான் யாழ்ப்பாணத்தில் உடுப்புக் கடை வைத்திருக்கிறேன். வருடத்தில் இரண்டு மூன்று தரம் உடுப்பு எடுக்க பாங்கொக் போய் வருவேன், பிரதுனாம் பக்கம். எப்போதும் தனியத்தான். அங்கத்தைய முறை வேறு என்றபடியால் இதையும் எழுதி வைக்கிறேன், பிறகு யாருக்கும் உதவும்.

பாங்கொக்கில் பெரிய கடைத்தொகுதிகளின் ஃபுட் கோர்ட்டுகளில் அனேகமாகக் கடையில் காசு வாங்க மாட்டார்கள். வாசலில் ஒரு கவுண்டரில் 100, 200 பாத் கொடுத்து ஒரு அட்டை வாங்க வேண்டும். கடைக்காரர் அந்த அட்டையில் காசைக் கழிப்பார். சாப்பிட்டு முடிந்ததும் அதே கவுண்டரில் அட்டையைக் கொடுத்தால் மிச்சக் காசு திரும்பக் கிடைக்கும். முதல் தரம் இது தெரியாமல் 140 பாத் மிச்சம் இருந்த அட்டையைப் பொக்கற்றில் வைத்தபடி ஊருக்கு வந்துவிட்டேன். நாளாகிவிட்டால் காசு திருப்பித் தர மாட்டார்கள். அசோக் ஸ்டேஷனோடு ஒட்டியிருக்கிற டெர்மினல் 21 கடைத்தொகுதியில் ஐந்தாம் மாடியில் பியர் 21 என்று ஒரு ஃபுட் கோர்ட் உண்டு. அந்த வட்டாரத்தில் அவ்வளவு மலிவாகச் சாப்பிட வேறு இடம் நான் காணவில்லை.

மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்றால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தைத் தேடுங்கள். பார்க்க 17 என்ற இலக்கம் மாதிரி இருக்கும். "ஜே" என்று வாசிக்க வேண்டும். இறைச்சி, மீன், முட்டை, பால், உள்ளி (பூண்டு), வெங்காயம் ஒன்றும் இராது. சாதாரண கடையில் மரக்கறி கேட்டால் மீன் சோஸ் ஊற்றித்தான் தருவார்கள்.

தனியச் சாப்பிடுவதைப் பற்றி ஒன்று. நான் கொஞ்சம் கூச்ச சுபாவம். கதைக்க அவர்கள் பாஷையும் தெரியாது. ஒரே கடையில் மூன்று நாள் சாப்பிட்டேன். நான்காம் நாள் அந்த அம்மா என்னைக் கண்டதும் கேட்காமலே மிளகாயைக் குறைத்துப் போட்டார். அந்த ஊரில் என்னைத் தெரிந்த ஒரு ஆள் அவர்தான். தங்கச்சி, நீங்களும் ஒரே கடைக்கே திரும்பப் போங்கள்.


கரிசல்
வியாழன், பகல் 11.05

எல்லோரும் தைரியம் சொல்கிறீர்கள், நல்லது. ஆனால் தனியாகச் சாப்பிடுவது சுகம் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். ஷார்ஜாவில் பதினொரு வருடம் இருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் மால் ஃபுட் கோர்ட்டில் எங்கு பார்த்தாலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து மேசைக் குழந்தை அப்பா வாயில் உருளைக்கிழங்கு ஊட்டும். என் பொண்ணு அப்போது இரண்டாம் வகுப்பு. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன நாட்கள் உண்டு. அது கூச்சம் இல்லை, வேறு. சிறுவாணி அம்மாவுக்கு இதில் எது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு உதவியது ஒன்றுதான். வீட்டில் சாப்பிடும் நேரமும் நான் சாப்பிடும் நேரமும் ஒன்றாக அமைகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். போனில் பேசவில்லை, வீடியோவும் இல்லை. இப்போது அவர்களும் தட்டில் கை வைத்திருப்பார்கள் என்று தெரிந்தால் போதும், சோறு இறங்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை பதினொன்றரை என்றால் கோயம்புத்தூரில் ஒன்பது மணி. வீட்டில் காலை டிபன் சாப்பிடும் நேரம்.


ஜொகூர்க்காரன்
வியாழன், பகல் 1.15

கரிசல் அண்ணன் சொன்னது உண்மை. நானும் வேலை முடிந்து தனியாக மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பகலெல்லாம் அத்தனை பேருக்கு மேசை துடைத்துவிட்டு, நமக்கு என்று ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்காரும்போது வீட்டு ஞாபகம் வரும்.


சிறுவாணி
வெள்ளி, இரவு 8.50

போனேன். சாப்பிட்டேன். அதே உணவங்காடி, அதே சைவக் கடை.

பயிற்சி கொடுப்பவரிடம் நேற்றே கேட்டு, மதிய இடைவேளையைக் கொஞ்சம் முன்னால் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு "பதினொன்றரைக்குச் சாப்பிடப் போகிறேன், அந்த நேரம் நீங்களும் டிபனுக்கு உட்காருங்கள்" என்று மெசேஜ் போட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, சரி என்று மட்டும் பதில் போட்டார். கரிசல் அண்ணா, நன்றி.

நாலைந்து மேசை காலியாகவே இருந்தது. ஆனாலும் இன்று கேட்டே ஆகவேண்டும் என்று நினைத்தேன். இன்று கேட்காவிட்டால் அப்புறம் எப்போதுமே கேட்க மாட்டேன் என்று தோன்றியது. தூண் ஓரமாக ஒரு சீனப் பாட்டி உட்கார்ந்திருந்தார். எண்பது வயது இருக்கும். பக்கத்தில் சக்கரம் வைத்த சந்தைப் பை, அதில் கீரைக்கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கஞ்சி மாதிரி ஏதோ குடித்துக்கொண்டிருந்தார். போய் நின்று ஸ்டூலைக் காட்டினேன். ஆங்கிலத்தில் கேட்க நினைத்த வாக்கியம் வாயில் வரவே இல்லை, "உட்காரலாமா?" என்று தமிழில்தான் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். சந்தைப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஸ்டூலைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

பீ ஹூன், முட்டைக்கோஸ், டோஃபுத் தோல் வறுவல். ஐந்தாம் நாளில் முதல் முறையாகச் சூடான சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டேன். ஓரத்தில் சிவப்பாக மிளகாய் விழுது வைத்திருந்தார்கள். நான் அதைத் தொடப் போனதும் பாட்டி கையை ஆட்டி, நாக்கை நீட்டிக் காட்டினார், காரம் என்று. நான் எடுத்துச் சாப்பிட்டேன். நம் ஊர் ஊறுகாய்க்கு முன்னால் அது ஒன்றுமில்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பாதியில்தான் டீ வாங்கவில்லை என்று நினைவு வந்தது. ஜொகூர் அண்ணா சொன்ன முறையை மறந்துவிட்டேன். எழுந்து நின்று மேலே பார்த்தேன், மின்விசிறிக்கு அடியில் இரண்டு மைனா. பாட்டியிடம் என் தட்டையும் டீக்கடையையும் மாறி மாறிக் காட்டினேன். தலையாட்டினார். வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். "தே ஓ" என்று சரியாகச் சொன்னேன், சரியாகவே வந்தது. திரும்பி வந்தபோது அவர் செய்தித்தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, தன் கஞ்சியைத் தொடாமல், என் தட்டுக்குக் காவல் இருந்தார்.

அவர் எழுந்தபோது அவருடைய தட்டையும் என் தட்டையும் நானே அலமாரிக்குக் கொண்டுபோய் வைத்தேன், ஹலால் அல்லாத பக்கம், படித்துப் பார்த்துதான் வைத்தேன். டிஷ்யூவைக் கிண்ணத்துக்கு அடியில் சொருகினேன். வாசலில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் டிஷ்யூ பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு கட்டு வாங்கிக்கொண்டேன்.

மீனாட்சிபுரம் அம்மா, நாளை சனிக்கிழமை லீவு. தேக்காவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். காலையில் எத்தனை மணிக்குக் கடை திறக்கும்?


மீனாட்சிபுரம்
வெள்ளி, இரவு 9.05

ஏழு மணிக்கெல்லாம் போய்விடு அம்மா, தோசைக் கல் சூடாகவே இருக்கும். நாளைக்கே போ, ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு லீவு, தீவில் எங்கெங்கோ வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் கூடுவார்கள், நிற்க இடம் இருக்காது. சாப்பிட்டுவிட்டு சந்தைப் பக்கம் ஒரு சுற்று சுற்றிப் பார். கறிவேப்பிலை வாங்கினால் காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.


பூன்லே
வெள்ளி, இரவு 9.30

அக்கா, ஃபேரர் பார்க்கிலிருந்து சிராங்கூன் சாலையைப் பிடித்து நேராக நடங்கள். வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி நடந்தால் வலது பக்கம் தேக்கா தெரியும். மழை வந்தாலும் பெரும்பாலும் கடை வராண்டாவிலேயே நடந்துவிடலாம். டிஷ்யூ கையில் இருக்கிறது இல்லையா, ஒரே ஒரு ஸ்டூலுக்கு வையுங்கள், போதும்.